பிளைட்டி, கஞ்சி, எம்டன்: படைவீரர் சொற்களும் அந்தமான் கரையும்

1914 அக்டோபர் இறுதியில் எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் நிக்கோபார்த் தீவுகளில் நின்று நிலக்கரி ஏற்றிக்கொண்டது. 27ஆம் நாள் இரவு அங்கிருந்து புறப்பட்டு, மறுநாள் விடியற்காலையில் பினாங்குத் துறைமுகத்துக்குள் புகுந்து ரஷ்யப் போர்க்கப்பல் ஒன்றை மூழ்கடித்தது. அதற்கு ஐந்து வாரங்களுக்கு முன்னர், செப்டம்பர் 22 இரவில், சென்னைத் துறைமுகத்தை ஒட்டியிருந்த எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டு எரித்ததும் இதே கப்பல்தான். நவம்பர் 9இல் கோகோஸ் தீவுகளுக்கு அருகே எம்டனின் ஓட்டம் முடிந்தது. இந்தியப் பெருங்கடலில் அது உலவியது சில வாரங்களே. ஆயினும் அதன் பெயர் தமிழ்ப் பேச்சில் நூறாண்டு கடந்தும் நிற்கிறது. அஞ்சத்தக்கவனையும், எளிதில் பிடிபடாத சாமர்த்தியசாலியையும் 'எம்டன்' என்று சொல்லும் வழக்கு இன்றும் மறையவில்லை.

முதல் உலகப்போர் தமிழுக்குத் தந்த சொற்களுள் மிகப் பரவலாக அறியப்பட்டது இதுவாகலாம். ஆனால் இது போர்முனையில் நின்றவனின் சொல்லன்று. கரையில் இருந்து குண்டொலி கேட்டவர்களின் சொல். போர்முனையில் நின்றவன் எந்தச் சொற்களைப் பேசினான், அவற்றை யார் எழுதிவைத்தார் என்ற வினா எழும்போது இருவேறு விடைகள் கிடைக்கின்றன. ஐரோப்பிய, ஆஸ்திரேலியப் படைவீரரின் பேச்சு அவர்களே தொகுத்த அகராதிகளில் இருக்கிறது. இந்தியச் சிப்பாயின் பேச்சு பெரும்பாலும் தணிக்கை அதிகாரியின் கோப்புகளில் இருக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும்போது, போர்ச்சொற்களின் வரலாறு என்பது எழுதும் உரிமையின் வரலாறும் ஆகும் என்பது புலப்படும். அவ்வாசிப்பில் அந்தமான் நிக்கோபார்த் தீவுகளுக்குத் தனி இடம் உண்டு.

அகழியிலிருந்து அகராதிக்கு

1914 முடிவதற்குள் மேற்குப் போர்முனை வடகடல் முதல் சுவிட்சர்லாந்து எல்லை வரை நீண்ட பதுங்குகுழி வரிசைகளாக உறைந்துவிட்டது. முன்வரிசை, துணைவரிசை, ஒதுக்குவரிசை எனக் குழிகள் அடுக்கடுக்காக வெட்டப்பட்டன. ஓரிடத்தில் விழும் குண்டின் சிதறல் குழி நெடுகப் பாயாதிருக்கவும், உள்ளே புகுந்த பகைவன் நேர்கோட்டில் சுடாதிருக்கவும் அவை வளைந்து வளைந்து சென்றன. விடியலிலும் அந்தியிலும் அனைவரும் ஆயுதத்துடன் எழுந்து நிற்பர். பகலில் அசைவே கூடாது. முள்கம்பி கட்டுதல், மண் வெட்டுதல், சோறும் தண்ணீரும் சுமத்தல் ஆகிய வேலைகள் எல்லாம் இரவில் நடந்தன. நீண்ட சலிப்பும் திடீர்ச் சாவும் மாறிமாறி வரும் இவ்விடத்தில், வெளியார்க்கு விளங்காத ஒரு பேச்சு முளைத்தது.

தமிழ் இலக்கண மரபில் இதற்குப் பெயர் உண்டு. ஒரு குழுவினர் தம்முள் மட்டும் வழங்கும் சொல்லைக் குழூஉக்குறி என்று நன்னூல் தகுதி வழக்கில் அடக்குகிறது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும் உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டுகள். குழூஉக்குறி இரண்டு வேலைகளைச் செய்கிறது: உள்ளிருப்பவரைப் பிணைக்கிறது, வெளியிருப்பவரிடம் பொருளை மறைக்கிறது. போர்முனைப் பேச்சில் இவ்விரண்டும் எவ்வாறு பிரிந்தன என்பதைப் பின்னர்க் காணலாம்.

அப்பேச்சை முதலில் நூலாக்கியவர்களுள் ஒருவர் ஆஸ்திரேலியப் படையின் 57ஆம் பட்டாளத்தைச் சேர்ந்த வால்டர் ஹியூபர்ட் டவுனிங். அவர் 1919இல் மெல்போர்னில் 'டிக்கர் டயலெக்ட்ஸ்' என்னும் சொற்றொகுதியை வெளியிட்டார். மறு ஆண்டே 'டு தி லாஸ்ட் ரிட்ஜ்' என்னும் தம் போர் அனுபவ நூலையும் வெளியிட்டார். ஒருவரே பதுங்குகுழி வாழ்க்கையையும் அதன் சொற்களையும் தனித்தனி நூல்களாக எழுதியது குறிப்பிடத்தக்கது. 1925இல் ஃப்ரேசரும் கிப்பன்சும் தொகுத்த படைவீரர், கடற்படையினர் சொற்றொகுதி வந்தது. 1930இல் ஜான் பிராஃபி, எரிக் பாட்ரிட்ஜ் ஆகிய இரு முன்னாள் படைவீரர்கள் 1914–1918 காலத்துப் பிரித்தானியப் படைவீரரின் பாடல்களையும் கொச்சைச் சொற்களையும் ஒரே நூலாகத் தொகுத்தனர். பாட்ரிட்ஜ் பின்னர், 1937இல், ஆங்கிலக் கொச்சை வழக்குக்கே பேரகராதி செய்தார். அதற்கான பயிற்சிக்களம் போர்முனை எனலாம்.

இத்தொகுதிகளைப் புரட்டும் இந்திய வாசகர் வியப்படைவார். பார்த்தலைக் குறிக்கும் 'டெக்கோ' இந்துஸ்தானியின் 'தேக்கோ'. ரொட்டி 'ரூட்டி' ஆயிற்று. நெடுநாள் பணிக்கான பதக்கத்தை 'ரூட்டி காங்' என்றனர்; அத்தனை ஆண்டுகள் அரசின் ரொட்டியைத் தின்றதற்கான பதக்கம் என்பது கேலிப்பொருள். இலவசமாகக் கிடைத்தது 'பக்ஷீ'. அது 'பக்ஷீஸ்' என்பதன் சுருக்கம். விரைவுக்கு 'ஜில்டி', தேநீருக்கு 'சார்', கலங்கிய மூளைக்குப் 'பகலி'லிருந்து வந்த 'பக்கில்டு'. சீருடையின் நிறமான காக்கியும் இந்தியாவிலிருந்து சென்றதே.

இச்சொற்கள் பிரான்சின் சேற்றில் சிப்பாய்களிடமிருந்து கற்கப்பட்டவை அல்ல. இந்தியாவில் பல்லாண்டு பாசறையில் கிடந்த பழைய பிரித்தானியப் படைவீரர்கள் அவற்றைச் சுமந்து சென்றனர். புதிதாகச் சேர்ந்தவர்கள் அவர்களிடமிருந்து கற்றனர். பாசறை என்றும் பன்மொழி இடம். முல்லைப்பாட்டின் பாசறையிலேயே மொழி தெரியாது சைகையால் பேசும் மிலேச்சக் காவலர் உண்டு. ஆங்கிலேயர் ஆட்சியில் அப்பாசறையின் பொதுமொழி இந்துஸ்தானியாக அமைந்தது. தென்னிந்தியப் பாசறைகள் வழியே தமிழும் அதில் கலந்தது. யூல், பர்னெல் இருவரும் 1886இல் வெளியிட்ட 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியின் தலைப்பே படைவீரர் கொச்சைதான்: முகர்ரம் ஊர்வலத்தின் 'யா ஹசன், யா ஹுசைன்' என்னும் முழக்கம் ஆங்கிலச் சிப்பாய் வாயில் அவ்வாறு சிதைந்தது. தொகுத்தவர்களுள் யூல் வங்காளப் பொறியாளர் படையின் அதிகாரி. பர்னெல் தஞ்சையில் பணிபுரிந்த நீதிபதி, தென்னிந்திய எழுத்தியல் அறிஞர். சுருட்டும் மிளகுத்தண்ணீரும் அதில் இடம்பெறுகின்றன. பட்டாளத்தின் தற்காலிகச் சிறைக்கூடத்துக்கு 'கஞ்சி ஹவுஸ்' என்ற பெயரும் பதிவாகியிருக்கிறது. அங்கே அடைபட்டவனுக்குக் கிடைப்பது கஞ்சி என்பதே காரணம். தண்டனையும் கஞ்சியும் சேர்ந்த இச்சொல்லை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. அது அந்தமானில் மீண்டும் வரும்.

ஒரே சொல், இரு கரைகள்

இந்தச் சொற்கள் அனைத்திலும் வரலாற்றுச் சுமை மிகுந்தது 'பிளைட்டி'. பிரித்தானியப் படைவீரன் தன் தாய்நாட்டை அவ்வாறு அழைத்தான். மூலம் 'விலாயதி' அல்லது 'பிலாயதி'. அயல்நாட்டது, குறிப்பாக இங்கிலாந்தைச் சேர்ந்தது என்று பொருள். தமிழில் 'சீமை' பெற்ற பொருள் வளர்ச்சியை இதற்கு ஒப்பிடலாம்: சீமைத்துணி, சீமையெண்ணெய், சீமைச்சாராயம். இந்தியன் அயலானைச் சுட்டிய சொல்லை அந்த அயலானே எடுத்துத் தன் வீட்டுக்குப் பெயராக்கிக்கொண்டான். உயிருக்கு ஆபத்தின்றி, ஆனால் ஊருக்கு அனுப்பப்படும் அளவுக்குப் படும் காயம் 'பிளைட்டி' காயம் எனப்பட்டது. பதுங்குகுழியில் அது வேண்டி விரும்பப்பட்ட காயம்.

இதே சொல்லை இந்தியச் சிப்பாயின் பக்கம் நின்று பார்க்கவேண்டும். லாகூர், மீரட் படைப்பிரிவுகள் 1914 செப்டம்பர் இறுதியில் மார்செய் துறைமுகத்தில் இறங்கத் தொடங்கின. கோடை உடையுடன் வந்தவர்கள் அந்தக் குளிர்காலத்தையே பதுங்குகுழிகளில் கழித்தனர். 1915 மார்ச் 10 முதல் 13 வரை நடந்த நெவ் ஷபேல் தாக்குதலில் இந்தியப் படையினர் பெருமளவில் மாண்டனர். காயமுற்றவர்களில் பலர் இங்கிலாந்துக்கே கொண்டுசெல்லப்பட்டனர். பிரைட்டன் அரண்மனை 1914 டிசம்பர் முதல் அவர்களுக்கான மருத்துவமனையாயிற்று. சிப்பாய் உண்மையிலேயே விலாயத்தில் படுத்திருந்தான். ஆனால் அது அவனுடைய வீடன்று. காயம் ஆறியதும் அவனை மீண்டும் பதுங்குகுழிக்கே அனுப்பினர். 1915ஆம் ஆண்டுக் கடிதங்களில் திரும்பத் திரும்ப எழும் மனக்குறை இதுதான். ஒருமுறை குருதி சிந்தியவனை ஊருக்கு அனுப்பாமல் இரண்டாம் முறை சாவுக்கு அனுப்புவது எந்த நியாயம் என்று அவர்கள் கேட்டனர்.

சிப்பாய்கள் தம் கைகளைத் தாமே சுட்டுக்கொள்கிறார்கள் என்ற ஐயமும் அதிகாரிகளிடம் எழுந்தது. பிரைட்டனில் கிச்சனர் இந்திய மருத்துவமனையின் பொறுப்பாளர் புரூஸ் சீட்டன் 1000 காயங்களை ஆராய்ந்து, அந்த ஐயத்துக்குச் சான்று இல்லை என்று 1915இல் அறிக்கை அளித்தார். ஊருக்கு அனுப்பும் காயத்துக்கு ஆசைப்பட்ட வெள்ளைப் படைவீரனின் சொல் பிற்காலத்தில் நகைச்சுவையோடு அகராதியில் ஏறியது. இந்தியச் சிப்பாய்க்கு அதே ஆசை இருக்கலாம் என்ற எண்ணமே விசாரணைக்கு உரியதாயிற்று.

மிளகும் தணிக்கையும்

சிப்பாய்கள் எழுதவில்லை என்று சொல்ல இயலாது. எழுதத் தெரிந்தவர் எழுதினர். தெரியாதவர் தோழரிடம் சொல்லி எழுதுவித்தனர். உருது, குர்முகி, இந்தி முதலிய எழுத்துகளில் வந்த கடிதங்களைத் தலைமைத் தணிக்கையாளர் ஹோவெல்லின் அலுவலகம் படித்து, பலவற்றின் பகுதிகளை ஆங்கிலத்தில் பெயர்த்து வாராவாரம் அறிக்கையாக்கியது. மூலக் கடிதங்கள் பெரும்பாலும் ஊர்களுக்குச் சென்று மறைந்தன. எஞ்சியவை பிரித்தானிய நூலகத்தின் இந்திய அலுவலகப் பிரிவில் உள்ள அந்த ஆங்கில அறிக்கைகளே. டேவிட் ஒமிசி முதலியோரின் ஆய்வுகள் அவற்றை அடிப்படையாகக் கொண்டவை.

தணிக்கை இருப்பதைச் சிப்பாய்கள் அறிந்திருந்தனர். ஆகவே குழூஉக்குறி அவர்கள் கையில் கேலிக்கான கருவியாக இருக்கவில்லை, மறைப்பதற்கான கருவியாயிற்று. மிகவும் அறியப்பட்ட எடுத்துக்காட்டு மிளகு. கரிய மிளகு இந்தியரையும் சிவந்த மிளகு வெள்ளையரையும் குறித்தன. கரிய மிளகு தீர்ந்துகொண்டே வருகிறது, சிவந்த மிளகு சிறிதளவே செலவாகிறது என்னும் பொருள்பட எழுதினால், யார் முன்னே தள்ளப்படுகிறார், யார் காக்கப்படுகிறார் என்பதை ஊரில் இருப்பவர் புரிந்துகொள்வர். தணிக்கையாளரும் புரிந்துகொண்டார். அதனால்தான் அது இன்று நமக்குத் தெரிகிறது. பிடிபட்ட குறிகள் மட்டுமே ஆவணக்காப்பகத்தில் உள்ளன. பிடிபடாமல் ஊர் சேர்ந்தவை வரலாற்றின் பார்வைக்கு வெளியே போயின. சிப்பாய்க் கடிதங்களை ஆராயும் மாணவர் இந்த முரணை மறக்கலாகாது.

தணிக்கையைக் கடந்து வந்த பதிவுகள் அரிது. மெசபடோமியாவில் வங்காள ஆம்புலன்ஸ் படையில் இருந்த சிசிர் சர்வாதிகாரி, 1916 ஏப்ரல் 29இல் கூட் நகரம் சரணடைந்தபின் துருக்கியரின் சிறைக்கைதியானார். குறிப்பேட்டின் பக்கங்களைக் காலணிக்குள் மறைத்துக் காத்து, பல பத்தாண்டுகள் கழித்து 1958இல் நூலாக்கினார். வங்காள மொழி நூலுக்கு அவர் இட்ட தலைப்பு 'அபி லே பாக்தாத்'. அது வங்காளமன்று, படைமுகாமின் இந்துஸ்தானி. பெர்லினுக்கு அருகிலிருந்த கைதி முகாமிலோ பிரஷ்ய ஒலிப்பதிவு ஆணையம் இந்தியக் கைதிகளின் குரல்களைத் தட்டுகளில் பதிந்தது. 1916 டிசம்பரில் மல் சிங் என்னும் பஞ்சாபியர் பேசிய ஒரு நிமிடத்துச் சொச்சம் இன்றும் ஹம்போல்ட் பல்கலைக்கழக ஒலிக்காப்பகத்தில் ஒலிக்கிறது. மொழியியல் மாதிரிக்காக எடுக்கப்பட்ட அப்பதிவில் ஊருக்குத் திரும்பும் ஏக்கமே நிறைந்திருக்கிறது.

தமிழ்ச் சிப்பாயின் குரல் இவற்றிலும் அரிது. 'போர்க்குல'க் கொள்கையால் சென்னை மாகாண ஆள்சேர்ப்பு முன்பே சுருங்கியிருந்தது. சேர்ந்தவர்களும் பெரும்பாலும் பிரான்சுக்கன்றி, மெசபடோமியாவுக்கும் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் சென்றனர். குழி வெட்டுதல், பாலம் கட்டுதல், சாலை அமைத்தல் ஆகியவையே மெட்ராஸ் சாப்பர்களின் தொழில். அவர்களுக்குப் படையில் வழங்கிய செல்லப்பெயர் 'தம்பி'. இந்தியப் படைவழக்கில் நிலைத்த தமிழ்ச் சொல் ஓர் உறவுப்பெயராக இருப்பது கருதத்தக்கது.

தண்டல், ஜமேதார், கஞ்சி

பொதுவாகப் படைவழக்கு போருடன் முடிந்துவிடும். படை கலைந்தால் பேசுவோர் கலைவர். அகராதியில் மட்டும் சொல் எஞ்சும். அந்தமானில் இதற்கு மாறானது நிகழ்ந்தது. அங்கே பாசறையின் மொழி குடும்பத்தின் மொழியாயிற்று.

1858 மார்ச் 10இல் மருத்துவர் ஜேம்ஸ் பேட்டிசன் வாக்கர் 200 கைதிகளுடன் போர்ட் பிளேரில் இறங்கினார். 1857 எழுச்சிக்காகத் தண்டிக்கப்பட்டவர்கள் அவர்கள்; சிப்பாய்களும் அவர்களுள் இருந்தனர். அவ்வாறு வந்த சிப்பாய்களுள் ஒருவர், 14ஆம் காலாட்படையின் தூத்நாத் திவாரி, தப்பியோடி ஏறத்தாழ ஓராண்டு அந்தமான் பழங்குடியினரோடு வாழ்ந்தார். 1859இல் அவர்கள் குடியேற்றத்தைத் தாக்கவிருந்ததை முன்கூட்டியே வந்து அறிவித்தார். அதற்காக மன்னிப்புப் பெற்றார். பழங்குடியினரைப் பற்றி அவர் சொன்னவற்றை அதிகாரிகள் எழுதிக்கொண்டனர். தீவின் தொடக்கக்காலச் சிப்பாய் வாக்குமூலமும் இவ்வாறு அதிகாரியின் கைவழியாகவே வந்திருக்கிறது.

வங்காளி, பஞ்சாபி, தமிழர், மலையாளி, பர்மியர் எனப் பலரும் வந்துசேர்ந்த குடியேற்றத்தில் இந்துஸ்தானி பொதுமொழியாயிற்று. கைதிகளைக் கைதிகளைக் கொண்டே மேய்க்கும் முறை அங்கு இருந்ததால் பதவிப் பெயர்கள் தேவைப்பட்டன. அவை படையிலிருந்தும் கப்பலிலிருந்தும் வந்தன: வார்டர், பெட்டி ஆபீசர், டிண்டல், ஜமேதார். ஜமேதார் இந்தியப் படையின் பதவி. பெட்டி ஆபீசர் கடற்படையின் பதவி. டிண்டல் என்பது லஸ்கர் மாலுமிகளின் தலைவன். தென்னகக் கடற்கரையில் தண்டல், தண்டேல் என்றும், யாழ்ப்பாணத்தில் தண்டையல் என்றும் வழங்கும் சொல்லே அது. தோணியைக் கரைசேர்ப்பவனின் பெயர் கைதியைச் செக்கில் பூட்டுபவனின் பெயராக மாறியிருக்கிறது. 1906இல் முடிந்த செல்லுலார் சிறையில் அடைபட்ட பாரீந்திர குமார் கோஷ், உபேந்திரநாத் பந்தோபாத்யாய, சாவர்க்கர் ஆகியோரின் நினைவு நூல்கள் எல்லாவற்றிலும் இப்பதவிப் பெயர்கள் நடமாடுகின்றன. காலையில் கிடைப்பது கஞ்சி. பட்டாளத்தின் 'கஞ்சி ஹவுஸ்' கேலிப்பெயர் இங்கே கேலியின்றி நடைமுறையாயிற்று.

இந்நினைவு நூல்களை எழுதியோர் கற்றவர்கள், அரசியல் கைதிகள். அவர்கள் வார்டரின் பேச்சைக் கேட்டு எழுதினர். வார்டர் தன்னைப் பற்றி எழுதவில்லை. ஆயினும் அப்பேச்சு அழியவில்லை. விடுதலை பெற்றும் தீவிலேயே தங்கிய ஆண்களும் பெண்களும் மணந்துகொண்டனர். 'லோக்கல் பார்ன்' எனப்படும் அவர்களின் வழித்தோன்றல்களுக்கு இந்துஸ்தானியே தாய்மொழியாயிற்று. முன்னோரின் மொழி தமிழாகவோ பர்மியமாகவோ இருந்திருக்கலாம். பிள்ளைகள் பேசியது பாசறையும் சிறையும் சேர்ந்து உருவாக்கிய மொழி.

எழுதப்படாத குழிகள்

1942 மார்ச் 23இல் ஜப்பானியப் படை போர்ட் பிளேரில் இறங்கியது. அதன்பின் தீவே ஒரு போர்முனைக் காவலரணாயிற்று. கார்பின்ஸ் கோவ் முதலிய கரைகளில் கட்டப்பட்ட கான்கிரீட் பதுங்கறைகள் இன்றும் கடலை நோக்கிய துளைகளுடன் நிற்கின்றன. போர்ட் பிளேரிலும் கார் நிக்கோபாரிலும் விமானத் தளங்களுக்காக மக்கள் கட்டாய உழைப்பில் ஈடுபடுத்தப்பட்டனர். மருத்துவரும் பஞ்சாபிக் கவிஞருமான திவான் சிங் சித்திரவதைக்குப்பின் 1944 ஜனவரி 14இல் இறந்தார். அதே மாதம் 30ஆம் நாள் ஹம்ஃப்ரேகஞ்சில் 44 பேர் சுட்டுக்கொல்லப்பட்டுக் குழியில் இடப்பட்டனர். அடுத்த மாதம் ஆசாத் ஹிந்த் அரசின் சார்பில் ஆளுநராக வந்த தமிழர் ஏ. டி. லோகநாதனால் காவல்துறையைத் தம் கட்டுப்பாட்டில் கொண்டுவர இயலவில்லை. 1945 அக்டோபரில் ஜப்பானியர் சரணடைந்தனர்.

பிரான்சின் பதுங்குகுழிகளுக்கு நூற்றுக்கணக்கான நினைவு நூல்களும் அகராதிகளும் உண்டு. அந்தமானின் குழிகளை வெட்டியவர்களோ அவற்றை என்ன பெயரிட்டு அழைத்தனர், காவலனை எந்தச் சொல்லால் ஏசினர், பசியை எவ்வாறு சொன்னார்கள் என்பன பெரும்பாலும் எழுத்தில் ஏறவில்லை. போர் சொந்த மண்ணில் நடக்கும்போது சொல் எவ்வளவு விரைவில் வீட்டுப் பேச்சாகும் என்பதற்கு ஈழமே சான்று. பங்கர், ஷெல்லடி, கிபிர் என்பவை அங்கே குழந்தைகளும் அறிந்த சொற்களாயின. கிபிர் என்பது இஸ்ரேலியப் போர்விமானத்தின் பெயர். தமிழ் நாவில் அது வானிலிருந்து வரும் அச்சத்தின் பெயராயிற்று. எம்டன் கப்பல் அடைந்த அதே மாற்றம் இது. அந்தமானின் மூன்றரை ஆண்டுகளும் அத்தகைய சொற்களைத் தந்திருக்கவேண்டும்.

தீவுகளின் படைத்தொடர்பு அத்துடன் முடியவில்லை. 1969 முதல் பெரிய நிக்கோபாரில் காம்பெல் பே பகுதியில் முன்னாள் படைவீரர் குடும்பங்கள் குடியேற்றப்பட்டன. பஞ்சாபியரும் தமிழரும் பிறரும் அவர்களுள் உண்டு. வெவ்வேறு தாய்மொழியினர் மீண்டும் பட்டாளத்து இந்தியைப் பொதுமொழியாகக் கொண்டு ஊர் அமைத்தனர். 1858இல் தண்டனையால் நிகழ்ந்தது நூற்றுப்பத்து ஆண்டுகள் கழித்துக் குடியேற்றத் திட்டத்தால் நிகழ்ந்தது. 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலை அக்கரையையும் தாக்கியது. நிலமும் வீடும் இழந்தவர் பலர்.

டவுனிங் 1919இலேயே தம் சொற்றொகுதியை அச்சேற்றினார். பேசியவர்கள் உயிரோடு இருந்தபோதே, அவர்களுள் ஒருவராலேயே, அது தொகுக்கப்பட்டது என்பதே அந்நூலின் மதிப்பு. காம்பெல் பேயின் முதல் தலைமுறைப் படைவீரர்களும், ஜப்பானியர் காலத்தைப் பெற்றோர் வாயிலாகக் கேட்ட போர்ட் பிளேர் முதியோரும் இன்று மிக மூத்தவர்கள். அவர்களின் சொற்களைக் கேட்டு, அவர்கள் பேசும் வடிவிலேயே, அவர்கள் சொல்லும் பொருளிலேயே எழுதிவைப்பதற்கு ஒலிப்பதிவுக் கருவியும் இந்தி கலந்த தமிழில் பேசும் பொறுமையும் போதும். தணிக்கையாளர் இல்லாமல் சிப்பாயின் சொல் ஏட்டில் ஏறுவதற்கான வாய்ப்பு அங்கே இன்னும் சில ஆண்டுகளே இருக்கும்.